தூசிக்கும் உப்புக்கும் இடையே ஒரு காவற்கண்

புத்தளம் மாவட்டத்துக் கடலோரத்தை உப்பளங்களாலும் தென்னந்தோப்புகளாலும் கற்பிட்டிக் களப்பின் மீன்களாலும் மாத்திரமே அறிந்தவர்களுக்கு, அங்கே வெடிக்கவல்ல காற்றும் உண்டு என்பது ஆச்சரியமாகவே இருக்கும். 2011இல் முதலாவது அலகும் 2014இல் எஞ்சிய இரண்டும் சேர்ந்து 900 மெகாவோட் கொள்ளளவு பெற்ற நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்துக்காக, ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பாதைப் படகுகளில் இறக்கப்படும் நிலக்கரி, அத்தகைய அபாயத்தையும் தன்னுடன் கொண்டே கரையேறுகிறது. இக்கரையோரத்துத் தொழிற்றலங்களில் கண்காணிப்புக் கமராக்களைப் பொருத்தியும் பராமரித்தும் வந்த அனுபவத்தில் தெளிந்த சில விஷயங்களை, இதே தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நிலக்கரி கட்டியாக இருக்கும்வரை மெதுவாக எரியும். நுண்ணிய தூசியாகி அடைபட்ட இடத்துக் காற்றில் கலந்துவிட்டாலோ ஒரு தீப்பொறியே அதனை வெடிக்கச் செய்யப் போதுமானது. முதல் வெடிப்பின் அதிர்ச்சியில் உத்தரங்களிலும் குழாய்களிலும் படிந்திருந்த தூசியெல்லாம் உதிர்ந்து மேகமாக எழ, அதனால் நேரும் இரண்டாவது வெடிப்பே பெரும்பாலும் உயிர்களைக் கொள்ளை கொள்கிறது. 2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துச் சீனி ஆலையொன்றில் 14 பேர் மாண்டதும் இவ்விதமே. அங்கே வெடித்தது வெறும் சீனித்தூசி. இத்தகைய இடத்தில் சாதாரண கமராவைத் தொங்கவிடுவது, வாயில் பீடியோடு ஒருவனை வைக்கோற்போருக்குக் காவல் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே முதலாவது பாடம், கமராவை அபாய வலயத்துக்குள் வைத்தே ஆகவேண்டுமா என்று கேட்பதாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்து நிலக்கரி இறக்க இயலாமற் போவதால், முன்கூட்டியே குவித்த கரி நெடுங்காலம் முற்றத்தில் கிடந்து தன் உட்சூட்டினாலேயே புகையத் தொடங்குவதுண்டு. அதனைக் கண்டறிய உதவும் வெப்பக் கமராவை வலயத்துக்கு அப்பால் உயர்ந்த கம்பமொன்றில் நிறுத்தி, தூரத்திலிருந்தே நோக்கச் செய்யலாம். ஆனால் சாதாரண கண்ணாடி வெப்பக்கதிரை மறைத்துவிடுமாதலால், அக்கமராவின் சாளரம் ஜெர்மானியம் போன்ற, வெப்பக்கதிரை ஊடுருவவிடும் பொருளால் ஆனதாக இருத்தல் அவசியம்.

உள்ளேதான் வைக்கவேண்டும் என்று நிர்ணயமானால், கமராவை அடைக்கும் பெட்டி அந்த வலயத்துக்கென்றே சான்றிதழ் பெற்றதாக இருக்கவேண்டும் என்ற இரண்டாவது பாடம் வருகிறது. "தண்ணியே போகாத பெட்டிக்குள்ள இருந்து நெருப்பு எப்பிடித் தம்பி வெளிய வரும்?" என்று களஞ்சியப் பொறுப்பாளரான ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் நீர் புகாமையும் சுடர் தாங்கும் வன்மையும் வெவ்வேறு குணங்கள். வாயு வலயத்துக்கான சுடர்தாங்கு பெட்டி, வாயு உட்புகுவதை அனுமதித்து, உள்ளே வெடித்தாலும் உடையாமல் நின்று, மூடியின் குறுகிய இடுக்குவழியே வெளியேறும் சுடரைக் குளிர்வித்து அணைப்பது. தூசி வலயத்துக்கான பெட்டியோ தூசியை உள்ளே விடாமலும் தன் மேற்பரப்பைச் சூடேற விடாமலும் காப்பது. ஆதலால் ஒன்றுக்கு அளித்த சான்றிதழ் மற்றதற்குப் போதாது.

பெட்டியின் தகட்டில் பொறித்திருக்கும் எழுத்துக்களை வாசிக்கப் பழகுங்கள். வாயுவில் டீ4 என்றால் மேற்பரப்பு 135 பாகை செல்சியஸையும், டீ6 என்றால் 85 பாகையையும் தாண்டாது என்பது பொருள். தூசியில், மேகமாக மிதக்கும் தூசி பற்றும் உஷ்ணத்தின் 2/3 பங்கையும், 5 மில்லிமீற்றர் படலமாகப் படிந்த தூசி பற்றும் உஷ்ணத்திலிருந்து 75 பாகை குறைத்து வரும் அளவையும் மேற்பரப்பு மீறலாகாது. சான்றிதழ் இலக்கத்தின் இறுதியில் எக்ஸ் என்ற எழுத்து நின்றால், விசேஷ நிபந்தனைகள் உள்ளன என்று அறிந்து அவற்றைத் தேடிப் படியுங்கள்.

மூன்றாவது பாடத்தை நமது கடற்காற்றே கற்பிக்கிறது. உப்பு, பெட்டியின் திருகாணிகளையும் மூடி பொருந்தும் விளிம்பையும் அரித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் 316எல் வகைத் துருப்பிடியா உருக்கையே கேளுங்கள். அரித்த விளிம்பை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் இடுக்கு அகன்றுவிடும். வர்ணம் பூசுவதும் ஒட்டுப்பசை தடவுவதும் அதே அளவு தீங்கு. இறுகாத கிறீஸ் மட்டும், அதுவும் தயாரிப்பாளர் அனுமதித்ததே, இடவேண்டும். ஒரேயொரு திருகாணி குறைந்தாலும் பெட்டி பாதுகாப்பை இழந்ததாகவே கொள்ளுங்கள். படிந்த கரித்தூசியை அழுத்தக் காற்றால் ஊதினால் நாமே வெடிமேகத்தை உண்டாக்கியவர்களாவோம். நன்னீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைப்பதே முறை, நிலைமின் பொறியும் அதனால் தவிர்க்கப்படும்.

கேபிள் நுழையும் வாய்க்கும் சான்றிதழ் பெற்ற கிளாண்டே தேவை. பயன்படாத துவாரத்தை அதற்குரிய அடைப்பானால் மூடவேண்டும். புதிதாகத் துளையிடுதல் அறவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிட்டு, வேலைக்கான அனுமதிப் பத்திரம் கையில் வந்த பின்னரே மூடியைத் திறவுங்கள். மின்னோட்டம் இருக்கையில் இணைப்பைப் பிடுங்கினால் எழும் சிறு பொறியும் பொறியே.

மனிதரை அபாயத்திலிருந்து அகற்றி நிறுத்துவதற்கென்றே கமரா வைக்கிறோம். அதுவே அபாயத்துக்குக் காரணமாகுமானால் அது இல்லாதிருத்தலே மேல். எனவே விலையை விசாரிக்குமுன் ஸ்தலத்தின் வலய வரைபடத்தைக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை எந்தக் கமராவையும் வாங்காதீர்கள்.