பனியாற்றின் மீது வழிகாட்டியின் சொல்

பனி மூடிய உயர்ந்த சிகரங்களில் ஏற விரும்புவோரை, அம்மலைகளை நன்கறிந்த ஒருவர் ஊதியம் பெற்றுக்கொண்டு அழைத்துச் செல்லும் தொழில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் பிறந்த இத்தொழில் இன்று இமயம், ஆண்டிஸ், அலாஸ்கா முதலிய பிரதேசங்களிலும் வேரூன்றியுள்ளது. வழிகாட்டி என்பவர் வழி தெரிந்தவர் என்றே நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். ஆனால் பனியாற்றின் மேல் நிலையான வழி ஏது? நேற்று நடந்த இடத்தில் இன்று பிளவு திறந்திருக்கக்கூடும். ஆகவே, “இதற்கு மேல் செல்லலாகாது” என்று தக்க சமயத்தில் கூறும் அறிவுக்காகவே அவருக்கு ஊதியம் அளிக்கப்படுகிறது எனலாம். அவ்வறிவு எவற்றை அடிப்படையாகக் கொண்டது என்பதையும், அது புறக்கணிக்கப்பட்டபோது நேர்ந்தவற்றுள் சிலவற்றையும் இங்கே காண்போம்.

மான் பிளாங்க் சிகரத்தில்

ஆல்ப்ஸ் மலைகளுள் மிக உயர்ந்ததாகிய மான் பிளாங்க் ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரமுள்ளது. அதன் உச்சியை 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் முதன்முதலாக அடைந்தவர்கள் இருவர்: ஒருவர் மிஷேல் பக்கார் என்னும் மருத்துவர், மற்றவர் மலைகளில் படிகக் கற்களைத் தேடி விற்று வந்த ழாக் பல்மா. மறு ஆண்டே ஜினீவா நகரத்து விஞ்ஞானியான சொசூர் 18 வழிகாட்டிகளுடன் ஏறி, உச்சியில் காற்றின் அமுக்கத்தை அளந்தார். இவ்வாறு மலை வழிகாட்டியின் தொழிலும் மலையைப் பற்றிய விஞ்ஞானமும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே சிகரத்தின் மேல் தோன்றின.

1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ருஷ்ய நாட்டைச் சேர்ந்த ஹாமெல் என்னும் அறிஞர் அதே சிகரத்தில் ஏறப் புறப்பட்டார். வானிலை கெட்டுப் புதுப்பனி விழுந்திருந்தது. இறங்கிவிடுவதே நலம் என்று வழிகாட்டிகள் தயங்கினர் என்றும், ஹாமெல் அவர்களுடைய தைரியத்தைக் குறை கூறவே அவர்கள் மேலே செல்ல இசைந்தனர் என்றும் கூறுவர். 20-ஆம் நாள், குழுவினர் சரிவைக் குறுக்காகக் கடந்தபோது, அவர்கள் காலடியிலேயே பனிப்படலம் பெயர்ந்தது. வழிகாட்டிகளுள் மூவர் ஆழமான பிளவொன்றில் தள்ளப்பட்டு மறைந்தனர். ஹாமெல் உயிர் தப்பினார்.

இவ்விபத்துக்குப் பின் 1821-இல் ஷாமோனிக்ஸ் என்னும் ஊரில் வழிகாட்டிகள் ஒரு சங்கமாகத் திரண்டனர். முறைவைத்து வேலை ஏற்பதும், கூலியை வரையறுப்பதும், இறந்தவரின் குடும்பத்துக்கு உதவ நிதி சேர்ப்பதும் அதன் நோக்கங்களாக இருந்தன. மலையின் மேல் ஒருவர் “வேண்டாம்” என்று சொல்ல வேண்டுமானால், அவ்வாறு சொன்னதற்காக அவருடைய அடுத்த நாள் பிழைப்பு போய்விடக்கூடாது அல்லவா? சங்கம் பிறந்ததன் பொருள் இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஓடும் பனிக்கட்டி

அம்மூவரின் கதை அத்துடன் முடியவில்லை. ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1842-ஆம் ஆண்டு முதல் அப்பகுதியின் பனியாறுகள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்று அளந்து வந்தார். மறைந்தவர்களின் உடல்கள் சுமார் 40 ஆண்டுகளில் பனியாற்றின் கீழ்முனையில் வெளிப்படும் என்று அவர் கணித்தார். 1861-இல், அதாவது 41 ஆண்டுகள் கழித்து, போசோன் பனியாற்றின் அடிவாரத்தில் அவர்களுடைய எச்சங்களும் உடைகளும் உருகிய பனியிலிருந்து வெளிவந்தன. பனியாறு ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேறில்லை.

பனிக்கட்டி திண்மப் பொருள். அது எவ்வாறு ஓடும்? நம் வீட்டு வெல்லப்பாகை நினைத்துப் பாருங்கள். ஆறி இறுகிய பாகைச் சட்டெனத் தட்டினால் உடைகிறது. அதையே சாய்ந்த தட்டில் நெடுநேரம் வைத்திருந்தால் மெல்ல வழிகிறது. பனிக்கட்டியும் இத்தன்மையதே. ஆண்டுதோறும் விழும் மென்பனி, மேலே குவியும் பனியின் பாரத்தால் அழுந்திக் காற்றை இழந்து, கன மீட்டருக்கு 900 கிலோகிராம் அளவுள்ள கட்டியாகிறது. அதன் ஆழப்பகுதி பெரும் பாரத்தின் கீழ் இளகிய பொருளைப்போல் நகர்கிறது. மேற்பகுதியின் மேல் அத்தகைய பாரம் இல்லை. ஆகவே அது வளையாமல் வெடிக்கிறது. அவ்வெடிப்புகளே பனிப்பிளவுகள். அவற்றின் ஆழம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்களோடு நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம். அதற்குக் கீழே பனி மீண்டும் அழுந்தி மூடிக்கொள்கிறது.

பிளவுகள் தோன்றும் இடங்களுக்கு ஒரு நியதி உண்டு. பாறைப் படுகை திடீரெனச் செங்குத்தாகும் இடத்திலும், வளைவின் வெளிப்புறத்திலும், வேகமாக நகரும் நடுப்பகுதிக்கும் மெதுவாக நகரும் கரைக்கும் இடையிலும் பனி இழுபட்டுப் பிளக்கிறது. தேர்ந்த வழிகாட்டி மேற்பரப்பில் எதையும் காணாதபோதே, சரிவின் வடிவத்தைக் கொண்டு அடியிலுள்ளதை ஊகிக்கிறார். புதுப்பனி பிளவின் வாயை மூடிப் பாலம்போல் நிற்கும். வெண்மையில் ஒரு மெல்லிய பள்ளமோ, நிழலின் சிறு வேறுபாடோதான் அதைக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் எழுந்தால் நீண்ட கோலைக் குத்திப் பார்ப்பார்.

இரவில் உறைந்த பாலம் ஒருவர் பாரத்தைத் தாங்கும்; அதே பாலம் நண்பகல் வெயிலில் இளகி இடிந்துவிடும். குழுக்கள் நள்ளிரவு கடந்ததும் விளக்கொளியில் புறப்படுவது இதனால்தான். உறக்கம் கெட்ட பயணிகள் இதற்காக வழிகாட்டியை நொந்துகொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம்.

கயிறு

பனியாற்றின் மேல் மூவரோ நால்வரோ ஒரே கயிற்றில், பத்து முதல் பதினைந்து மீட்டர் இடைவெளியில் பிணைந்து நடக்கின்றனர். கயிறு தளராமல் இருக்க வேண்டும் என்று வழிகாட்டி ஓயாமல் எச்சரிப்பார். காரணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் தளர்வு இருந்தால், விழுபவர் கயிறு இறுகுமுன் வினாடிக்கு ஆறு மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை, அதாவது மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றுவிடுகிறார். வழுக்கும் பனியில் நிற்கும் அடுத்தவரை அந்த இழுப்பு பிளவை நோக்கிச் சாய்த்துவிடும். கயிறு சற்றே இறுக்கமாக இருந்தாலோ, இடுப்பளவு இறங்கியதோடு விழுகை நின்றுவிடும்.

விழுந்தவரைத் தூக்குவதற்குக் கப்பி முறை பயன்படுகிறது. கயிற்றை மூன்று மடிப்பாக ஓடவிட்டால், 80 கிலோகிராம் எடையைக் கணக்கின்படி 27 கிலோகிராம் விசையால் உயர்த்தலாம். உண்மையில் கயிறு பனி விளிம்பை அறுத்துக்கொண்டு உட்செல்வதால் உராய்வு மிகுந்து, வேலை பன்மடங்கு கடினமாகிறது. விளிம்பின் கீழ் முதலில் ஒரு பனிக்கோடரியையோ பையையோ வைக்கக் கற்பிப்பது இதற்காகவே. ஆஸ்திரிய நாட்டு மலையேறுநர் கார்ல் புரூசிக் 1931-இல் விளக்கிய முடிச்சு இங்கே பேருதவி புரிகிறது. பாரம் ஏறும்போது அது கயிற்றை இறுகப் பற்றும். பாரம் நீங்கினால் கையால் நகர்த்தலாம்.

பனிச்சரிவு

பிளவினின்றும் மீளலாம், பனிச்சரிவினின்றும் மீள்வது அரிது. மிகுதியான சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நேர்கின்றன. பழைய பனியின் மேல் பலமற்ற ஓர் அடுக்கு அமைந்து, அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்த பனி பலகைபோல் இறுகியிருந்தால், ஒரு மனிதரின் காலடியே அப்பலகையைப் பெயர்க்கப் போதுமானது. வழிகாட்டிகள் பனியில் குழி தோண்டி அடுக்குகளைத் தடவிப் பார்க்கின்றனர். ஒரு தூணைத் தனியே வெட்டி, அதன் தலையில் கையால் படிப்படியாகத் தட்டி, எந்தத் தட்டலில் எந்த அடுக்கு நழுவுகிறது என்றும் குறித்துக்கொள்கின்றனர். எளிய சோதனைதான்; ஆனால் குழி தோண்டிய இடத்துக்கு ஐம்பது மீட்டர் தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம். புதையுண்டவர் பிழைப்பதற்கான வாய்ப்பு முதல் பத்து அல்லது பதினைந்து நிமிடங்களுக்குப் பின் விரைந்து குறைகிறது. எனவே உடன் வந்தவர்களே தோண்டியெடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் உதவி பெரும்பாலும் காலங்கடந்தே வரும்.

நம் நாட்டில் மலையேற்றப் பயிற்சி முறையாகத் தொடங்கியது 1954-இல். எவரெஸ்டை வென்ற மறு ஆண்டு, டார்ஜிலிங்கில் நிறுவப்பட்ட இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் டென்சிங் நோர்கே களப்பயிற்சியின் பொறுப்பை ஏற்றார். உத்தரகாசியில் நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் 1965-இல் அமைந்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், இந்நிலையத்தின் மேல்நிலை வகுப்பினர் 5,670 மீட்டர் உயரமுள்ள ‘திரௌபதி கா டாண்டா – 2’ என்னும் சிகரத்தின் அருகே பனிச்சரிவில் அகப்பட்டு, அவர்களுள் 29 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட், மக்காலு ஆகிய இரு பெருஞ் சிகரங்களையும் 16 நாட்களுக்குள் ஏறி முடித்த ஆசிரியை சவிதா கன்ஸ்வாலும் அவர்களுள் ஒருவர். அனுபவத்தில் தலைசிறந்தோர் உடனிருந்தும் சரிவு தடைப்படவில்லை. பனியடுக்குகளின் அறிவியலில் நாம் கற்க வேண்டியது இன்னும் ஏராளம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பல்லாண்டுகள் பயிற்சிக் களமாக விளங்கிய சரிவு என்பதனாலேயே அது பாதுகாப்பானது என்று கொள்ள இயலாது.

குறையும் பிராணவாயு

எவ்வளவு உயரே சென்றாலும் காற்றில் பிராணவாயுவின் பங்கு சுமார் 21 சதவீதமே. குறைவது காற்றின் அமுக்கம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவாக உள்ள அமுக்கம் 5,500 மீட்டரில் ஏறத்தாழப் பாதியாகிறது. எவரெஸ்ட் உச்சியில் 1981-இல் நேரே அளந்தபோது அது 253 மில்லிமீட்டராக இருந்தது; அதாவது மூன்றில் ஒரு பங்கு. உடல் இதற்குப் பழகுகிறது. ஆனால் மெதுவாகவே பழகுகிறது. சுவாசம் மிகுதல் உடனே நிகழ்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே உறங்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது வழிகாட்டிகளின் பொதுவிதி.

இவ்விதியை மீறினால் வரும் கேட்டைக் குறித்து இந்திய மருத்துவர்கள் ஆற்றிய பணி உலகப் புகழ் வாய்ந்தது. 1962-ஆம் ஆண்டையொட்டிச் சமவெளியிலிருந்து விரைவாக இமய எல்லைக்கு அனுப்பப்பட்ட போர்வீரர்கள் பலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது. இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய துணைவர்களும் இந்நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் அடிப்படை நூல்களுடன் வைத்து எண்ணப்படுகின்றன. நோய் முற்றினால் உடனே கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை.

இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. பிராணவாயுக் குறைவு கால்களைத் தளர்த்துவதற்கு முன்பே மூளையின் தெளிவைக் குறைக்கக்கூடும். தமக்கு ஒன்றுமில்லை, இன்னும் ஏற முடியும் என்று பயணி உறுதியாகச் சொல்வார். அவ்வுறுதியே நோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆகவே வழிகாட்டி அவர் சொல்லை மட்டும் நம்பாமல், பெருவிரலுக்கு முன் குதிகாலை வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பார். தள்ளாடினால், அன்றே இறக்கம்.

திரும்பும் நேரம் முன்கூட்டியே குறிக்கப்படுவதும் இக்காரணம் பற்றியே. நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள உருளையில் 300 மடங்கு அமுக்கத்தில் அடைத்த பிராணவாயு ஏறத்தாழ 1,200 லிட்டர் ஆகும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வீதம் அது பத்து மணி நேரம் வரும். நான்கு லிட்டர் வீதம் ஐந்து மணி நேரமே. கூட்ட நெரிசலில் ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் காத்து நின்றால், இறங்குவதற்கு வைத்திருந்த காற்று நின்றவிடத்திலேயே தீர்கிறது.

1996-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் எவரெஸ்டின் தென்புறமாக ஏறிய இரு கட்டணக் குழுக்களில், பிற்பகல் ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற எல்லை கைவிடப்பட்டது. சிலர் நான்கு மணியை ஒட்டியே உச்சியில் இருந்தனர். மாலையில் புயல் சூழ்ந்தது. தென்புறத்தில் இறந்த ஐவருள் மூவர் வழிகாட்டிகள்; இரு குழுக்களின் தலைவர்களான ராப் ஹாலும் ஸ்காட் ஃபிஷரும் அவர்களுள் அடங்குவர். அதே புயலில் வடபுறத்தில் இந்திய–திபெத்திய எல்லைக் காவற்படையினர் மூவர் மாண்டனர். பெருந்தொகை செலுத்தி வந்த ஒருவரை உச்சிக்கு மிக அருகில் திருப்பியனுப்புவது எவ்வளவு கடினம் என்பதை நாம் ஊகிக்கலாம். நேபாள அரசு எவரெஸ்டுக்கு வசூலிக்கும் அனுமதிக் கட்டணம் மட்டுமே 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலர். பிற செலவுகள் இதனினும் பன்மடங்கு.

பனியருவியில் உழைப்போர்

எவரெஸ்டின் தென்புற வழி கும்பு பனியருவியின் ஊடே செல்கிறது. செங்குத்தான படுகையில் பனியாறு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் இறங்கி, வீடுகளின் அளவுள்ள கட்டிகளாக உடையும் இடம் அது. அங்கே ஒவ்வொரு பருவத்திலும் ஏணிகளைப் பிணைத்துக் கயிறு கட்டுவோரைப் ‘பனியருவி வைத்தியர்கள்’ என்று அழைக்கின்றனர். பயணி அவ்வழியைச் சில முறையே கடக்கிறார். உணவும் கூடாரமும் பிராணவாயு உருளைகளும் சுமக்கும் ஷெர்ப்பாக்கள் அதைப் பன்முறை கடக்கின்றனர். ஆபத்து, கடக்கும் தடவைகளின் எண்ணிக்கையோடு பெருகுவது கணிதம்.

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் காலையில், மேற்குத் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பனிக்கட்டி உடைந்து அவ்வழியின் மேல் விழுந்தது. மாண்ட 16 பேரும் நேபாளத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள். அரசு அறிவித்த உடனடி உதவித்தொகை 40,000 நேபாள ரூபாய். இது போதாதென்று ஷெர்ப்பாக்கள் வெகுண்டெழுந்தனர். இறந்தோர்க்கு மரியாதையாகவும் அப்பருவத்தில் ஏற மறுத்தனர். தென்புறத்தில் அவ்வாண்டு கட்டணக் குழுக்கள் பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்பின. ஷாமோனிக்ஸில் 1821-இல் கேட்கப்பட்டது போன்றதொரு கோரிக்கையே இங்கும் எழுந்தது. பின்னர்க் காப்பீட்டுத் தொகை உயர்த்தப்பட்டது. 2015-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு, மேற்குத் தோளினின்றும் விலகிப் பனியருவியின் நடுப்பகுதியை ஒட்டி வழி அமைத்தனர். அவ்வழியில் ஏணிகள் மிகுதி, நேரமும் கூடுதல். ஆனால் தொங்கும் பனி தலைக்கு நேரே இல்லை. இன்றும் பருவத் தொடக்கத்தில் வைத்தியர்கள் முதலில் மேலே சென்று, எந்தக் கட்டி எப்பக்கம் சாய்ந்துள்ளது என்று நோக்கி வருகின்றனர். அவர்கள் வழி திறந்ததென்று அறிவிக்கும் வரையில் மற்றக் குழுக்கள் அடிவார முகாமில் காத்திருக்கின்றன.