விதையில்லா திராட்சைக்கு ஒரு 'த்' குறையுதாம்!

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பெட்டிகளில் 'விதையில்லா திராட்சை' என்று அச்சடித்தோம். ஊர்த் தமிழாசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, நடுவில் 'த்' இல்லை, பிழை என்கிறார். இங்கே எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறோம்? இந்த விதியெல்லாம் யார் போட்டது?
– ஒரு வாசகர், ஓடைப்பட்டி

பதில்: ஆசிரியர் சொன்னது சரிதான். 'விதையில்லாத' என்பதில் கடைசி எழுத்து உதிர்ந்து 'விதையில்லா' என்று நின்றால், அடுத்து வரும் வல்லினம் மிகும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர்தான் மிரட்டும்.

யார் போட்டது என்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஓடையும் பட்டியும் சேர்ந்த இடத்தில் ஒரு 'ப்' வருகிறதே, அதை யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடமே போகாத ஆத்தாவும் அதை அழுத்தித்தான் சொல்லும். இப்படிக் காதில் விழுந்ததைத்தான் இலக்கணக்காரர்கள் எழுதிவைத்தார்கள். (ஆணை போட்டு வந்ததும் உண்டு. 'லை', 'னை' எழுத்துகளின் பழைய துதிக்கைச் சுழி போனது 1978 அரசாணையால்.)

வழக்கும் விதியும் மோதினால்? தொல்காப்பியரிடமே அந்தச் சிக்கல் வந்தது. ஒரே ஆளை 'அவர் வந்தார்' என்று பன்மையில் சொல்வது, அன்றைய இலக்கணப்படி ஆகாது. ஆனாலும் உயர்த்திச் சொல்லும் வழக்கு என்று கிளவியாக்கம் என்ற இயலில் குறித்துவிட்டு, கண்டிக்காமல் நகர்ந்துவிடுகிறார். தாத்தாவை 'வந்தான்' என்றால் ஒருமை-பன்மைக் கணக்கு பிசகாது. ஓடைப்பட்டியில் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர முடியுமா? மரியாதை ஜெயித்தது, இன்று அதுதான் இலக்கணம். பவணந்தியும் நன்னூலில், கூச்சமான சொல்லை மறைத்துச் சொல்லும் இடக்கரடக்கலுக்கும் அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்லும் மங்கலத்துக்கும் வழக்கிலேயே இடம் கொடுத்தார். துக்க வீட்டில் 'செத்துட்டார்' என்னாமல் 'தவறிட்டார்' என்கிறோமே, அந்த நாகரிகம் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது.

அதற்காக ஊர் எழுதுவதெல்லாம் சரியாகிவிடாது. 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. இங்கே ஒற்றை விட்டால் பொருளே போச்சு. உங்கள் பெட்டியில் அந்த ஆபத்து இல்லை. திராட்சைக்கு விதை முளைத்துவிடாது. இருக்கிற பெட்டிகளைத் தீர்த்துவிட்டு, அடுத்த அச்சில் 'த்' சேருங்கள். அச்சகத்தில் புள்ளி விழாமல் போனாலும் கவலையில்லை. 'விதையில்லாத திராட்சை' ஆகும், அதுவும் சரியே.