ஒளிப்படத்தில் விழும் வெண்கோடுகள்

1977ஆம் ஆண்டு, ஜப்பானின் கேனான் நிறுவன ஆய்வகத்தில், மின்கம்பிகளைப் பற்றவைக்கும் சூடான கோல் ஒன்று, மை நிரம்பிய ஊசிக்குழலின் ஊசிமீது தவறுதலாகப் பட்டது. அக்கணமே ஊசிநுனியிலிருந்து மை பீறிட்டது. ஆய்வாளர் இச்சிரோ எண்டோ அதனைச் சிறு விபத்தென்று ஒதுக்கிவிடவில்லை. வெப்பத்தால் எழும் குமிழி மையை வெளித்தள்ளும் என்னும் அவ்வுண்மையே அந்நிறுவனத்தின் மைபீச்சு அச்சுப்பொறிக்கு வித்தாயிற்று. எப்சன் நிறுவனமோ வெப்பத்தை நாடாமல், மின்னழுத்தத்தால் வளையும் பீசோ தகட்டைக் கொண்டு மையைத் தள்ளும் முறையைக் கைக்கொண்டது.

முறை எதுவாயினும், மை வெளிவரும் துளை தலைமயிரினும் நுண்ணியது. ஒரு துளி மையின் அளவு சில பிக்கோலிட்டர்களே. ஒரு பிக்கோலிட்டர் என்பது லிட்டரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. இத்தகைய துளையின் வாயில் மை உலர்ந்துவிட்டால், பொறி முழுவதும் நலமாக இருந்தும் படம் கெடுகிறது.

மூன்று மாதம் பயன்படாமல் கிடந்த அச்சுப்பொறியில், மறைந்த பாட்டியின் படத்தை நினைவுநாளுக்காக ஒரு குடும்பத்தார் அச்சிடுவதாகக் கொள்ளலாம். படத்தின் குறுக்கே வெண்கோடுகள் விழுகின்றன. பாட்டியின் மாநிற முகம் செக்கச்செவேல் என்றிருக்கிறது. பொறி பழுதாகிவிட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்கிறார் ஒருவர். மற்றொருவர் தூய்மைசெய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார். நோயறியாமல் மருந்து கொடுப்பதில் இருவரும் ஒருவரே.

முதலில் எடுக்க வேண்டியது சோதனை அச்சு. பொறியின் பராமரிப்புப் பட்டியலில் இதற்கான கட்டளை உண்டு. விலையுயர்ந்த ஒளிப்படத்தாள் வேண்டியதில்லை, வெறுந்தாளே போதும். சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய வண்ணங்களின் கோடுகள் அதில் தனித்தனியே பதியும். எந்த வண்ணத்தில் கோடு அறுபட்டுள்ளதோ அவ்வண்ணத்தின் துளைகளே அடைபட்டவை. மேற்கண்ட வீட்டில் சயான் கோடுகள் பெரும்பாலும் பதியவில்லை. சயான் குறைந்தால் மெஜந்தாவும் மஞ்சளுமே தாளில் மேலோங்கும். அவை இரண்டும் கலந்தால் சிவப்பு. பாட்டியின் முகம் சிவந்ததற்குக் காரணம் இதுவே.

தூய்மைசெய்யும்போது பொறி துளைகளின் வழியே மையை உறிஞ்சியெடுத்து, உள்ளே இருக்கும் கழிவுமைப் பஞ்சில் விடுகிறது. ஒவ்வொரு முறையும் மை வீணாகிறது, பஞ்சும் நிறைகிறது. ஆதலால் ஒருமுறை தூய்மைசெய்ததும் சோதனை அச்செடுத்து முந்தையதோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தும் மாற்றமில்லையெனில் பொறியை ஓரிரவு ஓய்வில் விடுவது நன்று. புதிதாக வந்த மை, உலர்ந்த மையை ஊறச்செய்து இளக்கும். பொறுமையின்மையால் துளையை ஊசியால் குத்துவோரும் உளர். அதன்பின் அத்துளையை நம்புவதற்கில்லை.

சோதனை அச்சு குறையின்றி இருந்தும் படம் கெட்டால், குறை வேறிடத்தில் உள்ளது. ஒளிப்படத்தாளில் பெரும்பாலும் ஒருபுறமே மையை ஏற்கும் பூச்சு உண்டு. தாளைப் புரட்டிவைத்தால் மை ஊறாமல் திட்டுத்திட்டாக நிற்கும். கணினியில் வெறுந்தாள் என்று குறித்துவிட்டுப் பளபளப்புத் தாளை இட்டாலும் வண்ணம் பிழைபடும். தாளின் வகைக்கேற்பவே பொறி மையின் அளவைக் கணக்கிடுகிறது. செங்குத்துக் கோடுகள் பிசிறடித்தால் அச்சுத்தலையின் சீரமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

அடைப்பு ஏற்படுவதற்கு ஓர் எளிய பழக்கமும் காரணமாகலாம். பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி நிறுத்தினால், அச்சுத்தலை தன் இருப்பிடம் சேர்ந்து இரப்பர் மூடியால் மூடப்படும். சிக்கனம் கருதிச் சுவரிலுள்ள சுவிட்சை நேரே அணைத்தால் அது மூடப்படாமலே நின்று உலரக்கூடும். வாரம் ஒருமுறை சிறிய வண்ணப்படம் ஒன்றை அச்சிடுவதும் துளைகளை ஈரமாக வைக்கும்.

அவ்வீட்டில் இரண்டாம் தூய்மைக்குப் பின்னும் இரு கோடுகள் அறுபட்டே இருந்தன. மறுநாட்காலை எடுத்த சோதனை அச்சில் அவை நிறைந்தன. பாட்டியின் முகம் மீண்டும் மாநிறமாயிற்று. சேலையின் பச்சைக் கரையும் தெரிந்தது. படத்தை உடனே சட்டத்துள் இடாமல் ஒருநாள் முழுதும் காற்றாட வைத்தனர். மையின் ஈரம் அடங்குமுன் மூடினால் கண்ணாடியின் உட்புறம் படலமாகப் படியும்.