பரனூர்க் குழந்தையும் ஜெனிவாப் பள்ளியும்

கேள்வி: பரனூர் மகேந்திரா சிட்டிக்கு இரண்டு மூன்று வருஷ உத்தியோகமாக வரும் அயல்நாட்டார், தங்கள் குழந்தைகளைச் செங்கற்பட்டுப் பள்ளிகளில் சேர்க்காமல் சர்வதேசப் பள்ளியையே நாடுகிறார்களே, இது வெறும் டம்பந்தானே?
— ஒரு வாசகர், செங்கற்பட்டு

பதில்: டம்பமும் கொஞ்சம் உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமன்று. இன்று பரனூரிலும் நாளை வேறொரு கண்டத்திலுமாக வாசம் செய்ய நேரும் குடும்பத்தின் குழந்தை, ஊர்தோறும் படிப்பை ஆதியிலிருந்து தொடங்கித் தவிப்பது பரிதாபம். இத்தகைய குடும்பங்களை உத்தேசித்தே, சர்வதேச சங்கத்து (லீக் ஆஃப் நேஷன்ஸ்) உத்தியோகஸ்தர்களின் குழந்தைகளுக்காக 1924-இல் ஜெனிவாவில் ஒரு பள்ளி தோன்றிற்று. அதே நகரில் 1968-இல் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்னும் கல்வி அமைப்பு பிறந்தது; பிற்பாடு 1997-இல் அதன் ஆரம்பக் கல்வித் திட்டமும் வந்தது. நமக்கும் இவ்வகைப் பள்ளி புதிதன்று. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901-இல் அமெரிக்கப் பாதிரிமாரின் குழந்தைகளுக்கென்றே ஏற்பட்டதுதான்.

ஐ.பி.யின் அந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், மூன்று முதல் பன்னிரண்டு பிராயம் வரை, பாடங்களைத் துண்டுதுண்டாக்காமல் ஆறு பெரும் பொருள்களைச் சுற்றிக் குழந்தை தானே கேட்டு விசாரித்துக் கற்கிறது. உதாரணமாக, மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசுச் சிற்பத்தில், முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் புரியும் பூனையையும் அதன் காலடி எலிகளையும் காட்டிவிட்டால், கதை, சரித்திரம், கல்வேலை மூன்றும் அங்கேயே வந்துவிடும். (இதற்குச் சர்வதேசப் பள்ளி வேண்டுமா என்றால், வேண்டாம், பஸ் கட்டணம் போதும்.)

வந்து போகிறவர்களுக்கு அப்பள்ளி தகும். இங்கேயே குடியிருக்கும் தாங்கள் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.