கை பாதி, கால் பாதி

கேள்வி: பெடல் ஸ்டீல் கிட்டார் கச்சேரியில் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

பதில்: கலைஞரின் கைகளை மட்டும் பார்த்தால் பாதி வித்தைதான் தெரியும். மேசைபோல நிற்கும் கருவி; பெரும்பாலும் 10 தந்திகள். இடக்கை ஓர் உருக்குத் தண்டைத் தந்திகள்மேல் நகர்த்த, வலக்கை மீட்டும். இடக்கால் பெடலை மிதித்ததும் குறிப்பிட்ட தந்திகளின் சுருதி மட்டும் ஏறும். முழங்கால்கள் நெம்புகோல்களைத் தள்ளும். வலக்கால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும். அத்தனையும் ஒரே நேரத்தில்! தண்டு மயிரிழை விலகினாலும் அபஸ்வரம்தான்.

1954-இல் வெளிவந்த வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் சுருதியையே பெடலால் வளைத்துக் காட்டினார் பட் ஐசக்ஸ். அமெரிக்க கன்ட்ரி இசைக்காரர்கள் அந்தக் குழைவில் சொக்கிப்போனார்கள். பிறகு வந்த பட்டி எம்மன்ஸ் இந்தக் கருவியில் ஜாஸையும் வாசித்தார்.

மேடையில் அனல் பறக்க வேண்டுமென்றால் ராபர்ட் ராண்டால்ஃப்தான். நியூ ஜெர்சியில் தேவாலய ஆராதனையில் வாசித்து வளர்ந்தவர். அந்த ஆவேசம் அவர் வாசிப்பில் இன்றும் தணியவில்லை. 2002-இல் வந்த ‘லைவ் அட் தி வெட்லேண்ட்ஸ்’ அவருடைய நேரடிக் கச்சேரிப் பதிவு. முதலில் அதைக் கேளுங்கள்.