நாடிழந்தும் போரிட்ட டிவிஷன்

கேள்வி: 1939-லேயே போலந்து வீழ்ந்துவிட்டதே! 1944-ல் இத்தாலியின் மோண்டே கசினோவைப் பிடித்த போலந்துப் படை எங்கிருந்து வந்தது?
– வாசகர், திருச்சி

பதில்: நாடுதான் வீழ்ந்தது, வீரர்கள் பணியவில்லை. தப்பி வந்தவர்கள் 1940-ல் சிரியாவில் கார்பாத்தியன் பிரிகேடாகத் திரண்டார்கள். மறு ஆண்டு லிபியாவின் டோப்ருக் முற்றுகையில் போரிட்டார்கள். சோவியத் முகாம்களிலிருந்து விடுபட்டு ஈரான் வழியாக வந்தவர்களும் சேர, 1942 மே மாதம் பாலஸ்தீனத்தில் பிறந்தது 3-வது கார்பாத்தியன் ரைஃபிள் டிவிஷன்.

1944 மே 11 நள்ளிரவை ஒட்டி மோண்டே கசினோ தாக்குதல் தொடங்கியது. அங்கிருந்த மடாலயத்தை ஒட்டிய 593-ம் குன்றை இந்த டிவிஷன் வீரர்கள் பிடித்தார்கள், ஜெர்மானியரின் எதிர்த்தாக்குதலில் இழந்தார்கள். மே 17-ல் மீண்டும் ஏறினார்கள். மறுநாள் காலை, இந்த டிவிஷனின் உளவுப் பிரிவான 12-வது பொடோலியன் ரெஜிமென்ட் வீரர்கள் மடாலய இடிபாடுகளில் கொடியேற்றினார்கள். போலந்தின் கிராக்கோவ் நகருக்கே உரிய எக்காள இசை அங்கே முழங்கியது. பிறகு அன்கோனா, போலோன்யா என்று போர் தொடர்ந்தது.

ஆனால் 1945-ல் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில், இவர்களில் பலர் பிறந்த கிழக்குப் போலந்து சோவியத் வசம் போனது. 1947-ல் பிரிட்டனில் டிவிஷன் கலைக்கப்பட்டது. பெரும்பாலோர் தாயகம் திரும்பவில்லை. நேச நாடுகளுக்காக ரத்தம் சிந்தியவர்களுக்கு நேச நாடுகளே இழைத்த அநீதி இது.