கடிபட்ட கோழி: அறுப்பதா, வைத்தியம் செய்வதா?

சுபஹ் தொழுகைக்கு எழும்பும் நேரம். கோழிக்கூட்டில் பெருஞ்சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மரநாயோ கட்டாக்காலி நாயோ வந்து போயிருக்கிறது. ஒரு கோழி செத்துக் கிடக்கிறது. இன்னொன்று முதுகுத் தோல் கிழிந்து மூலையில் ஒடுங்கி நிற்கிறது. பகலில் என்றால் கீரியும் பருந்தும் இதே வேலையைச் செய்கின்றன.

வீட்டு முற்றத்தில் 10 கோழி வளர்த்து முட்டை விற்கும் ஒரு சகோதரிக்கு இது சிறிய நட்டமல்ல. ஒரு கோழி வாரத்துக்கு 4 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 16 முட்டை குறையும். புதிதாகக் குஞ்சு வாங்கினால் அது முட்டையிடும்வரை 5, 6 மாதங்கள் தீன் போடவேண்டும். காயத்துக்குத் தேவைப்படுவதோ உப்பும் ஒரு போத்தல் அயடீனும் கொஞ்சம் பொறுமையும்தான். ஆகவே கடிபட்ட கோழியை என்ன செய்வது என்பதும் ஒரு வியாபாரத் தீர்மானமே. அதை முதல் சில நிமிடங்களிலேயே எடுக்கவேண்டும்.

முதலில் பாருங்கள்

கோழியை ஒரு துவாயால் சுற்றிப் பிடியுங்கள். நெஞ்சை இறுக்கினால் அதற்கு மூச்சுவிட முடியாது. இறகுகளை விலக்கி உடம்பு முழுவதையும் பாருங்கள். பல் பதிந்த துளைகள் இறகுக்குள் மறைந்திருக்கும். குடல் வெளியே வந்திருந்தால், காயத்தினூடாகக் காற்றுக் குமிழிகள் வந்தால், இரண்டு கால்களும் செயலிழந்திருந்தால் வீட்டு வைத்தியம் கைகொடுக்காது. மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுசெல்ல முடியாவிட்டால், வேதனையை நீடிக்காமல் அறுத்துவிடுவதே நல்லது.

மிருகம் கடித்துச் செத்தது ஹராம். உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுக்கப்பட்டது ஹலால். சூரா அல்மாயிதாவின் 3ஆவது வசனம் தரும் சட்டம் இது. அறுக்கும்போது உயிர் இருந்ததா என்று சந்தேகம் வந்தால் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். "பிழைக்குமா, பிழைக்காதா" என்று மத்தியானம்வரை பார்த்துக்கொண்டிருப்பவர் கோழியையும் இழக்கிறார், இறைச்சியையும் இழக்கிறார்.

பிழைக்கக்கூடிய கோழிக்கு

1. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் 5 நிமிடம் கையெடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள்.

2. கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சினால் காயத்தைப் பீச்சிக் கழுவுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரியுங்கள், பிடுங்க வேண்டாம்.

3. பாமசியில் கிடைக்கும் பொவிடோன் அயடீனை வெளிறிய பிளேன்ரீயின் நிறம் வரும்வரை நீர் கலந்து பூசுங்கள். கோப்பித்தூள், சாம்பல், ஸ்பிரிட் வேண்டாம்.

4. துளைக் காயத்தை மூடவோ தைக்கவோ வேண்டாம். மேலே சிறிதாகத் தெரிந்தாலும் பல்லிலிருந்த கிருமி ஆழத்தில் இருக்கும். வீக்கமோ துர்நாற்றமோ ஏற்பட்டால் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். மனிதருக்கு வாங்கிய மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

5. கோழியைத் தனியாக, இருட்டான, வெதுவெதுப்பான பெட்டியில் வையுங்கள். இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் அந்த இடத்திலேயே கொத்தும். முதலில் தண்ணீர் வையுங்கள். வாயைத் திறந்து ஊற்ற வேண்டாம், சுவாசக் குழாய்க்குள் போய்விடும். தெளிந்த பிறகு தீன் கொடுங்கள்.

6. பெரிய எதிரி இலையான். எமது வெப்பத்தில் அது காயத்தில் இடும் முட்டை ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். பெட்டியை நுளம்பு வலையால் மூடுங்கள். காலையும் மாலையும் காயத்தைப் பார்த்துக் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

முதுகுத் தோல் பெரிதாகக் கிழிந்த கோழிகூடச் சில வாரங்களில் புதுத்தோல் மூடிக் குணமாவதுண்டு. அதுவரை முட்டை நின்றுபோகலாம். அதைக் கண்டு அவசரப்பட வேண்டாம்.

விற்பனையில் நேர்மை

வைத்தியர் மருந்து கொடுத்தால், முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்கவேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். அந்த நாட்கள் முடியும்வரை விற்கவும் கூடாது, வீட்டில் உண்ணவும் கூடாது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மறைத்து வைத்த வியாபாரியைக் கண்டித்தார்கள். மருந்து கலந்த முட்டையும் அந்த ஈரத் தானியத்தைப் போன்றதே. வாங்குபவரின் கண்ணுக்கு அது தெரியாது, விற்பவருக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. வந்து ருசிகண்ட மிருகம் மறுபடியும் வரும். அன்று அஸருக்கு முன்பே கூட்டின் ஓட்டையை அடையுங்கள். கண் சிறிய, உறுதியான கம்பிவலையை அடித்து, அதன் அடிப்பகுதியை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுக்குள் புதையுங்கள். வைத்தியம் ஒரு கோழியைக் காப்பாற்றும். நல்ல கூடு மற்ற ஒன்பதையும் காப்பாற்றும், இன்ஷா அல்லாஹ்.